அரிசியில் தலைகீழாக நின்ற அ

புதிதாக ஆயா வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, பலப்பம் தின்கிற பிள்ளையைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் பலப்பம் தின்னாத பிள்ளை கிடையாது. அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று நானும் ஒரு நாள் கடித்துப் பார்த்தேன். மழை பெய்த மண்ணை வாயில் போட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பிடுங்கினால் அழும், அதட்டினால் முழுங்கிவிடும். கையில் நாலு பொட்டுக்கடலை கொடுங்கள், பலப்பத்தைத் தானே கீழே போட்டுவிடும்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் பொழுது போய்விடும். உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மேடம் என்னிடம் கேட்டது வேறு. "ஆயா, அவசரமான நேரத்துல நீங்களா ஒரு முடிவு எடுத்தீங்கள்ல, அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றார். அப்படிக் கேட்டால் எனக்கு ஒரு விஜயதசமிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் வகுப்பு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளங்காது.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில், மருதையாற்றங்கரையில் சின்ன ஊர். சத்துணவு வருவதற்கு முந்திய காலம். மதியம் கோதுமைக் குருணை கிண்டிப் போடுவதற்குத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். டீச்சரம்மா அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவர் ஒருவர் தலையில். வேலைக்குப் போன மறுநாளே, "ஒல கொதிக்கிற வரைக்கும் அங்க என்ன ஆயா பண்ணப் போறீங்க? இங்க வந்து உக்காருங்க. நான் ரெண்டாப்புக்கு வாய்ப்பாடு சொல்லணும்" என்று கூப்பிட்டுவிட்டார். அன்று உட்கார்ந்தவள்தான்.

பிள்ளைகள் சுவர் ஓரமாக வரிசையாக உட்காரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆற்று மணல் கொஞ்சம் பரப்பியிருக்கும். நான் எதிரில், பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காருவேன். அப்படி உட்கார்ந்தால்தான் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்று தெரியும். மூக்கைத் துடைத்துவிடுவது, மணலை அடுத்த பிள்ளை கண்ணில் போடாமல் பார்த்துக்கொள்வது, எழுதியதும் மணலைத் தடவிச் சமன் பண்ணுவது, இவைதான் என் வேலை. டீச்சரம்மா இரண்டாம் வகுப்புப் பக்கத்திலிருந்தே, "சுழி! வளை! இழு! கோடு!" என்று சத்தம் கொடுப்பார். பிள்ளைகளின் விரல்கள் மணலில் போகும். ஒரு அ வந்துவிடும். நான் தடவி விடுவேன். மறுபடியும் சுழி, வளை, இழு, கோடு.

எண்ணுவதற்கு எங்களிடம் கல் சிப்பிகள் இருந்தன. சுண்ணாம்புக்கல் குழி வேலைக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து தருவார்கள். பார்த்தால் சிப்பி, தூக்கினால் கல். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தது என்று டீச்சரம்மா ஒரு நாள் சொல்லப்போக, கொளஞ்சி என்ற பெண் எழுந்து, "அப்ப நீங்க பள்ளிக்கூடத்துக்குப் படகுலயா டீச்சர் வந்தீங்க?" என்று கேட்டாள். கெட்டிக்காரி. இந்தக் கொளஞ்சி பின்னால் வருவாள்.

எனக்கு எழுத்து தெரியாது. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை என்று சொல்ல ஆசைதான், பஸ் ஸ்டாண்டைத் தவிர. அங்கே மட்டும், "கண்ணு சரியா தெரியலப்பா, இது எந்த ஊரு பஸ்ஸு?" என்று கேட்பேன். கண் எனக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும்.

நான் சொல்ல வந்த விஜயதசமி வருஷம் ஆபீசர் ஒருவர் வந்தார். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் மிகவும் குறைவு, இப்படியே போனால் இந்த வகுப்பை அக்கரைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கரைக்குப் போக ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. கைப்பிடி கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். ஐந்து வயதுப் பிள்ளையை யார் தினமும் அதில் நடத்திக் கூட்டிப் போவார்கள்? ஆட்டின் பின்னால் அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

டீச்சரம்மாவும் நானும் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "மேலத்தெரு பெரியவரு பேரன சேக்குறாரா? அவரு சேத்தா நாங்களும் சேக்குறோம்." பெரியவர் நிலபுலம் உள்ளவர். ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அவரிடம் போனோம். யோசித்தார். "விசயதசமி அன்னைக்கு, நல்ல நேரத்துல, டீச்சரம்மா மடியில வச்சு மொத எழுத்து எழுதட்டும். சேக்குறேன்" என்றார். டீச்சரம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

விஜயதசமி அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். முதல் நாள் இரவெல்லாம் மழை. நான் விடியும்போதே போய்ப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கோலம் போட்டேன். வாசலில் போட்டது நிற்கவில்லை, உள்ளே போட்டேன். ஊரே வந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் தாம்பாளம், அதில் பச்சரிசி, வெல்லம், வெற்றிலை. பிள்ளைகளுக்குத் தலை படிய எண்ணெய். பெரியவர் வெள்ளை வேட்டியில், பேரன் செல்வத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

டீச்சரம்மாவை மட்டும் காணவில்லை.

ஆற்றுக்கு ஓடினேன். தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் பஸ் நிற்கிறது, அதன் பக்கத்தில் குடையோடு டீச்சரம்மா. நான் கத்தினேன். அவரும் கத்தினார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவர் குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு, விரலால் காற்றில் பெரிதாக ஒரு அ போட்டார். பிறகு என்னைக் காட்டினார். மறுபடியும் அ, மறுபடியும் என்னைக் காட்டினார். அப்புறம் இரண்டு கையையும் கூப்பினார். நீங்களே எழுத வையுங்கள் என்கிறார்.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். கசமுசா என்று ஆகிவிட்டது. ஊரில் நாலு எழுத்து படித்த பையன்கள் எல்லாம் ஆயுத பூசைக்கு டவுனுக்குப் போய் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். சாமிக்கண்ணு என்று ஒருவர், பக்கத்தில் மகளோடு நின்றவர், சொன்னார்: "இதுக்கு ஏன் இம்புட்டு யோசன? நம்ம பெரியவரு இருக்காருல்ல! தெனம் டீக்கடையில பேப்பர் பாக்குறவரு. அய்யாவே எல்லாப் புள்ளைக்கும் கையப் புடிச்சு உட்டுட்டா போச்சு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான்கூடச் சந்தோஷமாக, "ஆமாங்க அய்யா, உக்காருங்க" என்றேன்.

பெரியவர் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிய வூட்டுல வச்சுட்டேன்" என்றார்.

"ஒரே ஓட்டமா ஓடி எடுத்துட்டு வந்துடுறேன் அய்யா!" என்று சாமிக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்போது பெரியவர் என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தாரோ, அங்கே அத்தனை பேர் நின்றார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் பெண்களே. பஸ் ஸ்டாண்டில் நான் பார்க்கிற பார்வை அது. டீக்கடையில் அவர் பேப்பரை விரித்து வைத்திருப்பார், உண்மைதான். ஆனால், "எனக்குக் கண்ணு கூசுது, நீ சத்தமாப் படி" என்று எப்போதும் பக்கத்தில் ஒருத்தனை உட்கார வைத்திருப்பார். அத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த நிமிஷம் உறைத்தது.

சாமிக்கண்ணு படியிறங்கிவிட்டார். கண்ணாடி வந்தால் பெரியவர் ஊர் முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பேரனை இழுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் பின்னால் அத்தனை தாம்பாளமும் போகும், வகுப்பும் போகும். யோசிக்க நேரமில்லை.

"நில்லுங்கண்ணே!" என்று கத்தினேன். "நீங்க மேலத்தெருவுக்குப் போயிட்டு வரதுக்குள்ள ராகு காலம் பொறந்துடும். டீச்சரம்மா அக்கரையில இருந்து என்னையத்தான் எழுத வைக்கச் சொல்லிருக்காங்க. அவங்க சொல்ல மீறக் கூடாது. நானே வைக்கிறேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நீயா? நீ கைநாட்டாச்சே!"

"எழுத்து தெரியாத கை புடிச்சா புள்ளைக்கு எழுத்து எப்புடி வரும்?"

"கொழம்பு வைக்கிற கையி, இன்னைக்கு அட்சரம் வைக்குதாம்!" இது ஒரு கிழவி. நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தால் சண்டை வராது, இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"தெனம் இந்த அ மூஞ்சியிலதான் முழிக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். பொய் இல்லை. சுழி, வளை, இழு, கோடு, கண்ணை மூடினால் அப்படியே நின்றது. முன்னால் நின்ற தாய்களில் அஞ்சலை என்று ஒருத்தி, அவள் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தாம்பாளத்தை முன்னால் இழுத்தேன். அந்தக் குட்டி விரலைப் பிடித்துச் சுழித்து, வளைத்து, இழுத்து, கோடும் போட்டேன். எனக்கே கர்வமாக இருந்தது.

இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்த கொளஞ்சி, வேடிக்கை பார்க்க வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆயா! அ தலகீழா நிக்குது!"

அவ்வளவுதான். அஞ்சலை மகளை என் மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். "மொத எழுத்தே தலகீழா? எம் புள்ள வெளங்குமாக்கா?" கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவர் வெற்றிலையைத் திரும்ப மடியில் கட்டினார். பெரியவர் பேரனின் கையைப் பிடித்து வாசல் பக்கம் திரும்பினார்.

தினமும் பார்க்கிற எழுத்து எப்படித் தலைகீழாகப் போகும்? கொளஞ்சி மட்டும் சிரிப்பதை விடாமல் தாம்பாளத்தைச் சுற்றி வந்தாள். என் எதிரில் போய் நின்று குனிந்தாள். "இங்க நின்னு பாத்தா சரியா இருக்கு ஆயா!" என்றாள்.

அட! நான் எதிரில் உட்கார்ந்தல்லவா அத்தனை வருஷம் பார்த்தேன்! பிள்ளைக்கு நேராக இருக்கிற அ, எனக்குத் தலைகீழ். எனக்குத் தெரிந்த அ அதுதான்.

சட்டென்று அரிசியைத் தடவி விட்டேன். "எங்க தலகீழ்? எழுத்தே இல்லையே! இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, நான் சும்மா அரிசி ஈரமா இருக்கான்னு பாத்தேன்" என்றேன். கொளஞ்சியைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ அஞ்சலை, இங்க வா. நீ உக்காரு. ஒம் புள்ளைய ஒம் மடியிலயே வையி."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அவ கைய நீ புடிச்சுக்க. நான் எதுத்தாப்புல உக்காந்து விரல இழுக்குறேன். பெத்தவ மடிய விடவா ராசியான எடம் வேணும்?"

அஞ்சலை தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். மகள் மடியில் ஏறினாள். அம்மா கை மேலே, பிள்ளை கை உள்ளே, நுனியில் நான் பிடித்த விரல். "சுழி" என்றேன். கொளஞ்சி டீச்சரம்மா குரலில், "வளை! இழு! கோடு!" என்று கத்தினாள். அரிசியில் அ நேராக வந்து நின்றது.

கொளஞ்சி தலையை ஆட்டினாள். "சரியா இருக்கு." அந்தத் தோரணையில் ஆபீசர் தோற்றார்.

அஞ்சலை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத நானுமாக்கா எழுதுனேன்?" என்றாள்.

"பின்ன, ஒங் கை சும்மாவா இருந்துச்சு?"

அப்புறம் தள்ளுமுள்ளுதான். சாமிக்கண்ணு மகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அவர் விரல் கோடு போடும்போது அரிசி எல்லாம் தாம்பாளத்துக்கு வெளியே பறந்தது. "ஏர் ஓட்டாதீங்கண்ணே, எழுதுங்க" என்றேன். கிழவியும் பேத்தியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். "கொழம்புக் கை" என்று சொன்னதை நான் ஞாபகப்படுத்தியதற்கு, "ஒன் கொழம்ப யாருடி குத்தம் சொன்னா?" என்றாள்.

பெரியவர் மட்டும் வாசலிலேயே நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை. எழுதி முடித்தவர்கள்கூட வெல்லத்தை வாயில் போடாமல் அவரைப் பார்த்தார்கள். அவர் இப்போது போனால் எழுதியதெல்லாம் அரிசியோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும். டீச்சரம்மா வந்து பெயர் எழுதும்போது ஒரு தாய்கூட நிற்க மாட்டாள்.

எழுந்து அவரிடம் போனேன். "அய்யா, கண்ணாடி இல்லாம நீங்க எழுதி வைக்கிறது கஷ்டந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மடி குடுத்தா போதுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அதற்குள் செல்வம் அவர் கையை உதறிவிட்டு, "தாத்தா, வெல்லம் தீந்துடும்!" என்று உள்ளே ஓடி, தாம்பாளத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பெரியவர் உள்ளே வந்தார். தரை ஈரம். வெள்ளை வேட்டி. அஞ்சலைக்கும் சாமிக்கண்ணுக்கும் நடுவில் இருந்த இடத்தில், யாரும் துண்டை விரிப்பதற்கு முன்னால், அவர் தரையில் உட்கார்ந்தார். பேரனைத் தூக்கி மடியில் வைத்து, அவன் கை மேல் தன் கையை வைத்தார். நான் விரலைப் பிடித்தேன். பெரியவர் கை என் இழுப்புக்குப் பின்னாலேயே வந்தது. சுழி வந்தது, வளைவு வந்தது. கோடு போட்டு முடித்ததும் பெரியவர் விட்ட மூச்சில் முன்னால் இருந்த வெற்றிலை ஆடியது.

"நம்ம பய எழுதிட்டான்" என்றார் சத்தமாக. அதற்கப்புறம்தான் எல்லோர் வாய்க்கும் வெல்லம் போனது.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. டீச்சரம்மா முழங்கால் வரை சேறோடு வந்து, அத்தனை பேர் பெயரையும் எழுதிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பு எங்கள் ஊரிலேயே நின்றது. எந்தப் பிள்ளையும் அந்தப் பாலத்தைத் தாண்டிப் படிக்கப் போகவில்லை. அதற்கடுத்த விஜயதசமிக்கு டீச்சரம்மா முதல் நாளே வந்து தங்கி, தாம்பாளத்தோடு தயாராக உட்கார்ந்தார். அம்மாமார்கள் பிள்ளையை அவரிடம் தரவில்லை. "எங்க மடியிலயே இருக்கட்டும் டீச்சர், விரல மட்டும் புடிங்க" என்றுவிட்டார்கள். டீச்சரம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அவசரத்தில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று மேடம் கேட்டார் அல்லவா? எழுத வைத்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை, அது கொளஞ்சி புண்ணியம். சாமிக்கண்ணுவை ஓடவிடாமல் நிறுத்தினேனே, அதுதான். வகுப்பில் ஒரு பிள்ளை தெரியாது என்பதை மறைக்கும், கூட வருகிற பெரிய ஆட்களும் மறைப்பார்கள். நாலு பேர் முன்னால் அதைத் திறந்து காட்டினால் மறுநாள் வர மாட்டார்கள். வேறு ஒரு வழி பண்ணிக் கொடுங்கள், உள்ளே வந்துவிடுவார்கள்.

பெரியவர் காலமாகி வெகு நாளாகிவிட்டது. அவர் வீட்டு ஆட்களும் இப்போது ஊரில் இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு எல்லோரும் கலைந்த பிறகு, டீச்சரம்மா வருவதற்கு முன்னால், நான் சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் திரும்பி வந்தார். வாசலில் நின்று செருமினார்.

"அந்தப் பயலுக்கு எழுத்து சரியா மனசுல பதியல போலிருக்கு. இன்னொருக்கா எழுதிக் காட்டணும்" என்றார்.

செல்வம் தூரத்தில் மழைத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தான். கூப்பிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அவர் முன்னால் வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். அவர் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். காய்த்துப்போன விரல். பிடித்தேன். சுழி, வளை, இழு, கோடு.

தலையைச் சாய்த்து அந்த எழுத்தைப் பார்த்தார். நான் தடவி விட்டேன். இந்தத் தடவை அவரே தனியாகப் போட்டார். கோடு கொஞ்சம் கோணல்தான், ஆனால் அ. என்னை அதுவரை ஏ என்றும் இந்தா என்றும் கூப்பிட்டவர், தலை நிமிராமல் கேட்டார்:

"அடுத்தது என்னம்மா?"